வண்டிக்காரர் கேட்ட கேள்விகள்: அமெரிக்க பிக்கப்பும் அலுமினியப் பாடியும்

(வாகனப் பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2014ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி, டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய எஃப்-150 பிக்கப்பை மேடை ஏற்றியது. 1977 தொட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்தை விட்டுக்கொடுக்காத பிக்கப் வரிசை அது. அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் 7,63,402 வண்டிகள் விற்றிருந்தன. அந்தக் கம்பெனியின் லாபத்தில் பெரும்பங்கு இந்த ஒரு வண்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியின் பாடியை, கேபின் முதல் பின்தொட்டி வரை, எஃகிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றிவிட்டதாக அன்று அறிவித்தார்கள். நன்றாக ஓடுகிற வண்டியில் இவ்வளவு துணிந்து கைவைத்த கம்பெனிகள் வாகன வரலாற்றில் அதிகம் இல்லை.

இந்த மாற்றத்தைப் பற்றிப் பொறியாளர்கள் எழுதிய கட்டுரைகள் ஏராளம். நான் இன்று பேச வந்தது அவற்றைப் பற்றியல்ல. அந்த வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் என்ன சொன்னார்கள், அதில் எது சரியாக இருந்தது, எது தவறாகப் போனது என்பதைப் பற்றி. மிச்சிகன் மாநிலத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் பெட்ரோல் பங்கிலும், கட்டுமானச் சாமான் விற்கும் கடை வாசலிலும் இந்தப் பேச்சுதான். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. எத்தனை கிலோ குறைக்கலாம் என்பது பொறியாளரின் கவலையாக இருந்தது. வண்டிக்காரரோ, அடிபட்டால் என் ஊரில் இதை யார் சரிசெய்வார்கள், துரு பிடிக்குமா என்று கேட்டார். சரியான கேள்விகள் அவருடையவைதான். கம்பெனிகள் அவற்றுக்கு விடை சொல்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதலில் இந்த வண்டிக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிக்கப் என்றால் காய்கறி மூட்டையும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றுகிற வாடகை வண்டி. அங்கே அப்படியில்லை. வாரநாளில் ஏணியும் பெயிண்ட் டப்பாவும் ஏற்றிப் போகிற அதே வண்டியில்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்கள். படகையும் குதிரை ஏற்றும் டிரெய்லரையும் பின்னால் கோத்து இழுப்பதும் அதுவே. இது ஃபோர்டு வீடு, அது ஷெவர்லே வீடு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. வண்டியின் முகத்தில் ஒரு கோடு மாறினாலும் அந்த வீட்டில் விவாதம் நடக்கும்.

அந்த விவாதம் சில சமயம் கம்பெனிக்குச் சாதகமாகவும் முடிந்திருக்கிறது. 1994 மாடல் டாட்ஜ் ராம் வந்தபோது அதன் மட்கார்டுகளைத் தாழ்த்தி, பானெட்டை உயர்த்தி, பெரிய லாரியின் முகத்தைச் சின்ன வண்டிக்கு வைத்திருந்தார்கள். பலருக்கு அது பிடிக்கவே இல்லை. பிடித்தவர்களுக்கோ வேறு எந்த வண்டியும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தொடாமல் கிடந்த விற்பனை சில ஆண்டுகளில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1997 மாடல் எஃப்-150 இதற்கு நேர்மாறு. முனைகளை உருட்டி, காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் செய்தார்கள். கார் மாதிரி ஆகிவிட்டதே என்று பழைய வண்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஃபோர்டும் அவர்கள் மனதை அறிந்து, கனரக எஃப்-250, எஃப்-350 வண்டிகளைச் சில காலம் பழைய பாடியிலேயே விற்றது. ஆனால் இந்தச் சச்சரவில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. மோதினால் அந்தக் கேபின் தாங்குமா? காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2001-ல் மோதிப் பார்த்தபோது அந்த எஃப்-150க்குக் கிடைத்தது ஆகக் கீழான தரம். வண்டிக்காரர் கருத்தை நான் மதிப்பவன். அந்தக் கருத்துக்குள் வராத விஷயங்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி அலுமினியத்துக்கு வருவோம். ஏன் அந்த நேரத்தில்? 2008-ல் ஒரு காலன் பெட்ரோல் நான்கு டாலரைத் தொட்டபோது பிக்கப் விற்பனை சரிந்தது. 2012-ல் அமெரிக்க அரசு எரிபொருள் சிக்கன விதியை இறுக்கி, 2025-க்குள் வாகனங்களின் சராசரி காலனுக்கு 54.5 மைலை எட்ட வேண்டும் என்றது. பிக்கப்புகளுக்குத் தனி அளவுகோல் இருந்தாலும் நெருக்கடி அவற்றின் மீதும்தான். அப்போது ஃபோர்டின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆலன் முலாலி 2006-ல் போயிங் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். அலுமினியம் அவருக்குப் புதிதல்ல. ஃபோர்டின் கையில் ஜாகுவார் இருந்த காலத்தில், 2003-லேயே எக்ஸ்ஜே காரை அலுமினியப் பாடியோடு, ரிவெட்டும் பசையும் வைத்துச் செய்து பழகியிருந்தார்கள். ஆனால் ஜாகுவார் ஆயிரக்கணக்கில் விற்கிற சொகுசுக் கார். எஃப்-150 நிமிடத்துக்கு ஒன்றாக ஆலையை விட்டு வெளியே வருகிற வேலைக்கார வண்டி.

கணக்கைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கன அளவில் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் தகட்டைத் தடிமனாக்க வேண்டும். நல்ல வேளையாக, ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் திறன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. ஆகவே ஒன்றரை மடங்குகூடத் தடிமன் தேவையில்லை. சற்றேறக்குறைய பாதி எடையில் அதே விறைப்பு கிடைத்துவிடும். புதிய எஃப்-150 மொத்தத்தில் 700 பவுண்ட் வரை, அதாவது சுமார் 317 கிலோ இளைத்தது. சேசிஸ் மட்டும் எஃகாகவே இருந்தது. பலர் இதைக் கவனிக்காமல் முழு வண்டியும் அலுமினியம் என்றே பேசினார்கள். சேசிஸில் முன்பைவிட உயர் வலிமை எஃகின் பங்கைக் கூட்டி, அங்கேயும் எடையைக் குறைத்திருந்தார்கள்.

எதிர்ப்புப் பேச்சு உடனே கிளம்பியது. பீர் கேன் வண்டி என்று பெயர் வைத்தார்கள். இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமில்லை. சமையலறையில் கீழே போட்டுப் போட்டு ஒடுக்கு விழுந்த அலுமினியக் குண்டானைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்த உலோகத்தில் லாரி செய்தால் என்ன ஆகும் என்று மனம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அமெரிக்கர்கள் அலுமினிய வண்டியைத் தினமும் தங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் வருகிற அந்த வெள்ளைப் பெட்டி வண்டி, 1987 முதல் 1994 வரை கிரம்மன் நிறுவனம் அஞ்சல் துறைக்குச் செய்து கொடுத்தது. பாடி அலுமினியம், அடியில் ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் சேசிஸ். 24 ஆண்டு ஓட வேண்டும் என்று செய்தது, முப்பது ஆண்டையும் தாண்டி ஓடியது. நெடுஞ்சாலையில் ஓடும் பீட்டர்பில்ட், கென்வொர்த் லாரிகளின் கேபின்கள் பல பத்தாண்டுகளாக அலுமினியம்தான். இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் 1948-ல் பிறந்தபோதே அலுமினியக் கலவைத் தகட்டை உடுத்திக்கொண்டு வந்தது. போருக்குப் பின் எஃகுக்குப் பங்கீடு இருந்ததே அதற்குக் காரணம். 1950களின் லேண்ட் ரோவர்கள் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ மலைக்கு இந்தத் தலைமுறை வரையிலும் ஆள் ஏற்றிப் போயிருக்கின்றன. லாரி ஓட்டும் தொழிலிலிருந்து வந்த வண்டிக்காரர்கள் இதையெல்லாம் எடுத்துச் சொல்லி ஃபோர்டுக்காக வாதாடினார்கள். கம்பெனியின் விளம்பரத்தைவிட அவர்கள் பேச்சு எடுபட்டது.

விளம்பரத்தைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. இராணுவத் தரம் வாய்ந்த அலுமினியக் கலவை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் பயன்படுத்தியது 5000, 6000 வரிசைக் கலவைகள். நல்ல கலவைகள், வாகனத் தொழிலில் ஏற்கெனவே புழங்குபவை. அதைச் சொல்லி, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தோம், எப்படிச் சூட்டில் பதப்படுத்துகிறோம் என்று விளக்கியிருந்தால் அந்த வண்டிக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். தினமும் உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்ப் பட்டாளத்துப் பெயரைச் சொன்னது மரியாதைக் குறைவு. இத்தனைக்கும் ஃபோர்டு செய்த சோதனைகள் உண்மையிலேயே சொல்லத் தக்கவை. வண்டி வெளிவருவதற்கு முன்பே அலுமினியத் தொட்டி வைத்த பிக்கப்புகளைச் சில நிறுவனங்களிடம் வேலைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தங்கச் சுரங்கமும் அவற்றில் ஒன்று. 2013-ல் மெக்சிகோவின் பாஹா 1000 பாலைவனப் பந்தயத்தில் பழைய மாடலின் தோற்றத்தில் மறைத்து அலுமினிய வண்டியை ஓட்டினார்கள்.

இந்தச் சண்டையின் உச்சம் 2016 ஜூனில் வந்த ஷெவர்லே விளம்பரம். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷெவர்லேயின் சில்வராடோ பிக்கப் ஒன்று, ஒரு எஃப்-150, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். தோட்டத்துச் சுவர் கட்டும் சிமெண்ட் கற்கள் 55, மொத்தம் 825 பவுண்ட், ஐந்தடி உயரத்திலிருந்து தொட்டிக்குள் கொட்டப்பட்டன. எஃகுத் தொட்டியில் பெரும்பாலும் ஒடுக்கும் கீறலும். அலுமினியத் தொட்டியில் ஓட்டைகள். பிறகு இரும்புக் கருவிப் பெட்டி ஒன்றைத் தொட்டியின் பக்கச் சுவரிலிருந்து உள்ளே தள்ளிவிட்டார்கள். அதன் மூலை குத்தியதில் அலுமினியம் கிழிந்தது.

ஏமாற்று வேலை என்று ஃபோர்டு விசுவாசிகள் கொதித்தார்கள். வெறும் தொட்டியில் ஐந்தடியிலிருந்து கல் கொட்டுகிறவன் யார், தொட்டிக்குள் ரப்பர் விரிப்போ தெளிப்புப் பூச்சோ போடாதவன் யார் என்று கேட்டார்கள். கல் விஷயத்தில் அவர்கள் வாதம் செல்லும். கருவிப் பெட்டி விஷயத்தில் செல்லாது என்பது என் எண்ணம். வேலை முடிந்து களைத்துப்போய், இருட்டும் நேரத்தில் பெட்டியைத் தூக்கி எறிகிறவர்கள் எத்தனையோ பேர். கூர்முனை படும்போது எஃகு இழுபட்டு வளைகிறது, அலுமினியம் அதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. அந்த உண்மையை ஒத்துக்கொண்டு, தொட்டிக்கு விரிப்பை விலையில்லாமல் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அலுமினியத்தை இப்படி அடித்துக் காட்டிய ஷெவர்லேயின் தாய்க் கம்பெனியான அதே ஜெனரல் மோட்டார்ஸ், 2019 மாடல் சில்வராடோவில் கதவு, பானெட், பின்கதவு மூன்றையும் அலுமினியத்தில் செய்து 450 பவுண்ட் வரை எடையைக் குறைத்தது. தொட்டியை மட்டும் எஃகிலேயே வைத்துக்கொண்டது. மூன்று ஆண்டுக்கு முன் சொன்னதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அதற்கும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் இடத்துக்கு ஏற்ற உலோகம் என்ற அந்த முடிவு பொறியியல்படி மிக நல்ல முடிவு.

இப்போது வண்டிக்காரரின் முதல் கேள்விக்கு வருகிறேன். அடிபட்டால் யார் சரிசெய்வார்கள்?

எஃகுப் பாடியில் ஒடுக்கு விழுந்தால் டிங்கரிங் தெரிந்தவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். பின்னாலிருந்து தட்டுவார், முன்னாலிருந்து இழுப்பார், சூடு காட்டுவார். தகடு சிவக்கும் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எஃகு தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப ஓரளவு தானும் ஒத்துழைக்கும். அலுமினியம் அப்படி ஒத்துழைக்காது. தட்டத் தட்ட விறைத்துக்கொண்டே போகும், மேலும் தட்டினால் வெடிப்பு விடும். சூடு காட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் அது நிறம் மாறாது. சிவக்காமலே உருகிக் கீழே விழுந்துவிடும். அளவுகாட்டியைப் பிடித்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். முப்பது வருஷம் கண்ணை நம்பித் தொழில் செய்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. எஃகைத் தேய்த்த சுத்தியலையும் அரத்தையும் அலுமினியத்தில் வைக்கக் கூடாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்தால் ஈரம் பட்டதும் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும், மேலே பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பும். அதனால் தனிக் கருவிகள், திரை போட்டுப் பிரித்த தனி இடம். அலுமினியத் தூசி காற்றில் சேர்ந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடியது என்பதால் அதை உறிஞ்சத் தனி இயந்திரம். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங்குக்குப் பதிலாகத் தகட்டைத் தானே குத்திக் கோக்கிற ரிவெட்டும் பசையும் பயன்படுத்தியதால், பட்டறையிலும் அதற்கான ரிவெட் துப்பாக்கி வேண்டும். இதற்கெல்லாம் பல பத்தாயிரம் டாலர் முதலீடு. கருவி வாங்க டீலர்களுக்கு ஃபோர்டு சலுகை கொடுத்தது. நகரத்துப் பட்டறைகள் தயாராகிவிட்டன. மொன்டானாவிலோ மேற்கு டெக்சாஸிலோ அடுத்த ஊருக்கே ஒரு மணி நேரம் ஓட்டிப் போக வேண்டியவர்களுக்கு அப்படியில்லை. பழகிய பட்டறைக்காரர், எனக்கு இந்த வேலை முடியாது, டீலரிடம் போங்கள் என்று சொன்னபோது அவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது.

செலவு எவ்வளவு கூடியது? அதே காப்பீட்டு ஆய்வு அமைப்பு 2015-ல் பழைய எஃகு எஃப்-150யையும் புதிய அலுமினிய எஃப்-150யையும் மணிக்கு 10, 11 மைல் வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தது. அலுமினிய வண்டியின் பழுதுச் செலவு 26 சதவீதம் கூடுதலாக வந்தது. இரட்டிப்பாகும் என்று பயமுறுத்தியவர்கள் சொன்னது நடக்கவில்லை. வித்தியாசமே இருக்காது என்றவர்கள் சொன்னதும் நடக்கவில்லை. அந்த அமைப்பு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. முன்பக்கத்தின் ஒரு ஓரம் மட்டும் மோதும் சோதனையில், நான்கு கதவு கொண்ட பெரிய கேபின் நல்ல தரம் பெற்றது. சின்ன கேபின் அதைவிட இரண்டு படி கீழே போனது. சக்கரம் உள்ளே வராமல் தடுக்கும் எஃகுத் துண்டுகளைப் பெரிய கேபின் வண்டியில் மட்டும் வைத்திருந்தார்கள். குறைந்த விலை கேபினை வாங்குகிற வேலைக்காரருக்கு அது இல்லை. விஷயம் வெளியே வந்த பிறகு அடுத்த ஆண்டு மாடலில் எல்லாக் கேபினுக்கும் வைத்தார்கள். அலுமினியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

சின்னதாக ஒரு காட்சி. எங்கள் தெருவில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். தன் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட காந்தத் தகட்டை வண்டிக் கதவில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவார், மாலையில் கழற்றி வைத்துவிடுவார். புது எஃப்-150 வந்த அன்று அந்தத் தகட்டைக் கதவில் வைத்தார், அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பெயர்ப்பலகை, கூரை மேல் வைக்கும் எச்சரிக்கை விளக்கு, வயர்லெஸ் ஏரியல், போல்ட்டுகளைப் போட்டு வைக்கும் காந்தத் தட்டு என்று ஒரு தொழிலே காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை வடிவமைத்தவர்கள் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? அவர் பிறகு ஒட்டுப் படம் போட்டுக்கொண்டார். வண்டி விற்கும்போது அதை உரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் வருத்தம்.

இரண்டாவது கேள்வி துரு. இங்கேதான் அலுமினியம் ஜெயித்தது. மிச்சிகன், ஓஹியோ, பென்சில்வேனியா, வடக்கு நியூயார்க் பகுதிகளில் குளிர்காலம் முழுவதும் பனி உருக சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புச் சேறு பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் போய் அடைந்துகொள்ளும். முதலில் பெயிண்டில் ஒரு சின்னக் கொப்புளம். அடுத்த குளிர்காலத்தில் விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போகும். அதற்கடுத்த ஆண்டு, சக்கரத்தைச் சுற்றித் தகடே இருக்காது. எஞ்சின் நன்றாக ஓடும், கியர் நன்றாக விழும், பாடி மட்டும் மண்ணாய்ப் போயிருக்கும். இந்த ஊர்க்காரர்கள் அலுமினியத்தை இரு கை நீட்டி வரவேற்றார்கள். டெக்சாஸ்காரர் ஆலங்கட்டி மழை ஒடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, மிச்சிகன்காரர் பத்தாவது ஆண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே வண்டியைப் பற்றி இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசினார்கள், இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

ஆனால் சேசிஸ் எஃகு என்று முன்பே சொன்னேன். துரு அங்கே போகாமல் விடுமா? டொயோட்டா பிக்கப்புகளின் சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்த விவகாரம் நீதிமன்றம் வரை போய், 2016-ல் 340 கோடி டாலர் வரை மதிப்புள்ள உடன்பாட்டில் முடிந்தது. பாடிக்கு ஆயுசு கூடக் கூட, அடியில் இருப்பதற்கும் அதே ஆயுசு வேண்டும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அரிபடுவது அலுமினியம்தான் என்பதால், இரண்டும் தொடும் இடமெல்லாம் பூச்சும் தடுப்பும் கச்சிதமாக இருக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர்களை வைத்திருப்பவர்களைக் கேட்டால் இதைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இளைத்த அந்த 317 கிலோ எங்கே போனது? பெட்ரோல் மிச்சமாகும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2.7 லிட்டர் டர்போ எஞ்சினோடு, பின்சக்கர இயக்க வண்டிக்கு அரசுச் சோதனையில் நகரத்தில் காலனுக்கு 19 மைல், நெடுஞ்சாலையில் 26 மைல் கிடைத்தது. நல்ல எண்தான். ஆனால் ராம் பிக்கப்பின் டீசல் நெடுஞ்சாலையில் அதைத் தாண்டியிருந்தது, எஃகுப் பாடியோடு. பின்னால் பாரம் கோத்து இழுத்தால் டர்போ வண்டியின் மைலேஜ் சரசரவென்று இறங்குகிறது என்ற புகார் நிற்கவே இல்லை. இன்னொரு விஷயம், வண்டி கடைக்கு வந்த அதே குளிர்காலத்தில் பெட்ரோல் விலை விழுந்து, 2015 ஜனவரியில் காலன் இரண்டு டாலரை ஒட்டி நின்றது. மைலேஜைப் பற்றிய பேச்சே அடங்கிப்போனது.

விவரம் தெரிந்த வண்டிக்காரர்கள் வேறு இடத்தில் பார்த்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பாடியில் குறைந்த ஒவ்வொரு பவுண்டையும் சரக்காக ஏற்றிக்கொள்ளலாம். சரியான வகையில் வாங்கினால் 3,300 பவுண்ட் வரை தொட்டியில் ஏற்றலாம், 12,200 பவுண்ட் வரை இழுக்கலாம் என்பது அன்றைக்கு அந்தப் பிரிவிலேயே உச்சம். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் வாங்கியவர்களின் சீட்டில் எண் இதில் பாதிக்குக் கிட்டே இறங்கிவிடும். கடையில் வண்டி வாங்கும்போது விலைப் பட்டியலை விட்டுவிட்டு முதலில் கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் படிப்பவர்தான் உண்மையான வண்டிக்காரர் என்று அங்கே மதிப்பு உண்டு.

விற்பனை என்ன சொல்கிறது? எஃப் வரிசை 2015-ல் 7,80,354. 2018-ல் 9,09,330. அலுமினியம் விற்பனையைக் கெடுக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அலுமினியத்தால்தான் கூடியது என்று சொல்லக் கூடாது. பெட்ரோல் விலை இறங்கியது, பொருளாதாரம் ஏறியது, எல்லா பிக்கப்புகளும் விற்றன. பாடியின் உலோகத்துக்காக வண்டி வாங்கியவர்களைவிட எஞ்சினுக்காகவும் கேபினுக்காகவும் வாங்கியவர்களே அதிகம். மாற்றத்தை எதிர்த்தவர்களில் பலரும் மூன்று நான்கு ஆண்டில் அதை மறந்து, தொடுதிரையையும் தானியங்கி ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் திட்டத் தொடங்கினார்கள்.

யாரும் கேட்காத கேள்வி பற்றி முன்பு சொன்னேனே, அதற்கு இன்றைய உதாரணம் பானெட் உயரம். உயர்ந்த முகம் வண்டிக்காரருக்குப் பிடிக்கிறது, கம்பெனிகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்த்துகின்றன. 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த பானெட் கொண்ட வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகம் கொண்ட வண்டியைவிட நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று அதே காப்பீட்டு ஆய்வு அமைப்பு 2023-ல் கணக்கிட்டுச் சொன்னது. ரோட்டைக் கடக்கிற குழந்தையிடம் எந்தக் கம்பெனியும் கருத்துக் கேட்பதில்லை. அது அரசு தலையிட வேண்டிய இடம்.

நம் நாட்டோடு இந்தக் கதைக்கு ஒரு தொடர்பு உண்டு. ஃபோர்டுக்கு அலுமினியத் தகடு கொடுக்கும் நாவெலிஸ், 2007 முதல் நம் ஹிண்டால்கோவின் கையில் இருக்கும் கம்பெனி. வெட்டி மிஞ்சிய தகட்டை ஃபோர்டு ஆலையிலிருந்து திரும்ப வாங்கி உருக்கி மறுபடி தகடாக்கிக் கொடுக்கும் ஏற்பாடும் அதோடு உண்டு. 2025 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோவில் உள்ள அதன் ஆலையில் தீப்பிடித்தபோது எஃப்-150 உற்பத்தி தடுமாறியது. எஃகுக்குப் பல ஆலைகள் இருக்கின்றன, வாகனத் தரத்து அலுமினியத் தகட்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. 2014-ல் இதை எந்த வண்டிக்காரரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை.

ஃபோர்டு எஃகுக்குத் திரும்பவில்லை. 2017-ல் கனரக சூப்பர் டியூட்டி பிக்கப், 2018-ல் எக்ஸ்பெடிஷன் எஸ்யூவி, 2021-ல் அடுத்த எஃப்-150 எல்லாமே அலுமினியப் பாடிதான். ஷெவர்லேயும் ராமும் முழு அலுமினியத்துக்கு வரவில்லை. இரண்டு தரப்பு வண்டிகளும் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் சிலர் சென்னையிலும் புனேயிலும் டெட்ராய்ட்டிலும் பாடி வடிவமைக்கும் வேலைக்குப் போவீர்கள். அதற்கு முன் ஒரு கோடை விடுமுறையை ஒரு டிங்கரிங் பட்டறையில் செலவிடுங்கள். எந்த இடம் முதலில் துருப்பிடிக்கிறது, எந்த மூலைக்குள் கை போகவில்லை, எந்தப் பாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் நிற்கிறது என்று அங்கே வேலை செய்கிற அண்ணன்மாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைப் பாடத்திட்டத்தில் பயிற்சியாகச் சேர்க்கும்படி உங்கள் துறைத் தலைவரிடம் மனுக் கொடுங்கள், வேண்டுமானால் நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.